அரை நிமிட அமைதி

ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டரை மணி...

பேய்க் கதையை யாராவது பட்டப்பகலில் ஆரம்பிப்பார்களா என்று அங்கே மூலையில் முணுமுணுக்க வேண்டாம். ராத்திரிக்குத்தான் நாம் இத்தனை பேர் போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறோமே, அது போதும். அந்த ஃபேனை மட்டும் யாராவது நிறுத்துங்கள். இந்தக் கதைக்குச் சத்தம் ஆகாது.

நல்லது. இனி கேளுங்கள்.

இரண்டு பக்கமும் கிடங்குகள் உள்ள தெரு. எல்லாம் பூட்டிக் கிடந்தன. வார நாட்களில் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. வெயில் மட்டும் தகரக் கதவுகளில் அடித்துக்கொண்டிருந்தது... டிக்... டிக்... என்று தகரம் சூட்டில் விரிகிற சத்தம். அந்தத் தெருவில் ஒருத்தி தனியாக நடந்து போனாள். என் சிநேகிதியின் ஒன்றுவிட்ட அக்கா. இதை அவள் என் சிநேகிதியிடம் வாயால் சொல்லவில்லை. பதினாறு பக்கம் எழுதிக் காட்டினாள். ஏன் எழுதினாள் என்பது போகப் போகத் தெரியும்.

அவளை எடிட்டர் என்றே சொல்கிறேன், அதுதான் அவள் வேலை. அடுத்தவர் பேசியதைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, சுத்தம் செய்து கொடுப்பாள். லிஃப்டில் ஏறினால் "ஐந்தாவது தளம், கதவு திறக்கிறது" என்று ஒரு பெண் சொல்வாளே, அந்த மாதிரிக் குரல்கள். தெருக்கடைசியில் இருந்த அவர்களுடைய ஸ்டூடியோ ஒரு காலத்தில் மீன் பெட்டிகள் அடுக்கிய குளிர்க் கிடங்கு. சுவர் ஒரு முழம் தடிமன். அந்தக் கனத்த கதவை இழுத்துச் சாத்திவிட்டால் உங்கள் இதயம் அடிப்பது உங்களுக்கே கேட்கும். வாடகை குறைவு, வெளிச் சத்தம் வராது, மீன் வாடை மட்டும் எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை.

லிஃப்டில் பேசிய குரல் இவளுடையது இல்லை. இவள் நாத்தனாருடையது. புருஷனின் அக்கா. ஊரில் பாதி லிஃப்டுகளில் அந்த அம்மாள்தான் பேசினாள். இவளுடைய ஐந்து வயது மகள் குட்டி, எந்த லிஃப்டில் ஏறினாலும் கூரையைப் பார்த்து, "அத்தை, நாங்க வந்துட்டோம்!" என்று கத்தும். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். இவளுக்கு மட்டும் வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? பதினோரு வருஷம். நாத்தனார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் ராணி மாதிரி உட்காருவாள், இவள் இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளுடைய எச்சில் சத்தத்தை எடுத்துக்கொண்டிருப்பாள். அந்த அம்மாளுக்கு ஒரு பழக்கம். தொண்டைக்கென்று மென்தால் மிட்டாய் ஒன்றை எப்போதும் வாயில் அடக்கியிருப்பாள். இடைவெளி கிடைத்தால் அதைப் பல்லில் தட்டுவாள். கடக். ஒரு வரி பேசுவாள்... கடக். அடுத்த வரி... கடக். ஒரு நாளைக்கு இருநூறு கடக் வெட்டி எறிய வேண்டும். "மிட்டாயைத் துப்பிட்டுப் பேசுங்களேன் அண்ணி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். அதற்கு வந்த பதிலை அந்தப் பதினாறு பக்கத்தில் அப்படியே எழுதியிருந்தாள்.

"வெட்டறது உன் வேலை. பேசறது என் வேலை. உன் குரல் அடுப்படியில புருஷனைக் கூப்பிடத்தான் லாயக்கு. மைக் பக்கம் வந்துடாதே."

அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு வாய். இவளும் ஒன்றும் குறைந்தவள் இல்லை, அதற்கு வருகிறேன்.

போன வருஷம் நாத்தனாருக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்து கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். மூச்சு அது வழியாகத்தான். பேச்சு சுத்தமாக நின்றுபோயிற்று. லிஃப்ட் கம்பெனிக்காரர் போன் செய்தார். "புது மாடல் வருது, நூத்துப் பன்னெண்டு வரி பேசணும். அம்மா இல்லேன்னா வேற இடம் பார்க்கிறோம். இல்லே, அடுத்து யார் பண்ணணும்னு அவங்களே சொல்லட்டும்" என்றார்.

அந்த அம்மாளிடம் கேட்டால் சாடையிலாவது "வேற இடம் பாருங்க" என்றுதான் சொல்லியிருப்பாள். இவளுக்கு அது தெரியும். அதனால் கேட்கவே இல்லை. இரண்டு சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பதிவுகளைத் துழாவினாள். ஒரு வங்கி விளம்பரத்திலிருந்து "இனி". ஒரு ஆஸ்பத்திரி அறிவிப்பிலிருந்து "என்". பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து "தம்பி". அப்படிப் பொறுக்கிப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் நகம் வெட்டுகிற மாதிரி நறுக்கி, ஒட்டிய இடம் தெரியாமல் நடுவில் வெறும் அறையின் அமைதியை நிரப்பினாள். முடிவில் நாத்தனார் பேசினாள்: "இனி என் வேலையை எல்லாம் என் தம்பி மனைவியே எடுத்துக்கொள்ளட்டும்."

கம்பெனிக்காரருக்குத் திருப்தி. புருஷனுக்குக் கண்ணில் தண்ணீர். "அக்காவுக்கு உன்மேல பாசம்டி, நீதான் புரிஞ்சுக்கலை" என்றான். ஆபரேஷனுக்கு முந்தின நாளே பேசிக் கொடுத்தார்கள் என்று இவள் சொன்னாள், அவனும் நம்பினான். நம்பியதோடு விட்டானா? போனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, அக்காவின் காதோரம் வைத்துப் போட்டுக் காட்டினான். இவளும் பின்னால் நின்றிருந்தாள், போகாமல் இருக்க முடியவில்லை.

நாத்தனார் முழுதும் கேட்டாள். தான் சொல்லாததைத் தன் குரல் சொல்வதை. பிறகு தம்பியைத் தாண்டி இவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்... கழுத்துக் குழாயிலிருந்து உஸ்ஸ்ஸ் என்று காற்று மட்டும் வந்தது. கையால் சாடை காட்டவும் அன்றைக்குத் தெம்பு இல்லை, மறுபடி திறந்தாள். உஸ்ஸ்ஸ். "கஷ்டப்படாதே அக்கா, எனக்குப் புரியுது" என்று தம்பி கையைத் தடவிக் கொடுத்தான். மூன்றாம் நாள் அந்த அம்மாள் போய்விட்டாள். குட்டியிடம் மட்டும், அத்தை ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்துத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

கம்பெனிக்காரருக்குப் பழைய குரல் மாதிரியே வேண்டும். இவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பதினோரு வருஷம் காதுக்குள்ளேயே வைத்திருந்த குரல் ஆயிற்றே. மூக்கை எங்கே அடைக்க வேண்டும், வரியின் கடைசி எழுத்தை எவ்வளவு இழுக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. கதவைச் சாத்தினாள். ஏசியை அணைத்தாள், அதன் உறுமல் மைக்கில் விழும். விளக்குகளில் ஒன்றை மட்டும் விட்டாள். மைக் முன்னால், நாத்தனார் நாற்காலியில், முதல் முறையாக உட்கார்ந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கவனமாகக் கேளுங்கள். எந்தப் பதிவுக்கும் முன்னால் அரை நிமிடம், யாரும் பேசாமல் அசையாமல், வெறும் அறையைப் பதிவு செய்வார்கள். வெறும் அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. ஒயரின் ரீங்காரம், எங்கோ ஓடுகிற மோட்டார், அப்படி ஏதாவது. அந்த அரை நிமிடத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, 'இதுதான் இரைச்சல், இதை எங்கே கண்டாலும் எடுத்துவிடு' என்று சொன்னால், அது மொத்தப் பதிவிலிருந்தும் அதைத் துடைத்துவிடும். மிச்சம் நிற்பது குரல் மட்டும். அந்த அரை நிமிடத்தில் எது இருக்கிறதோ அது போய்விடும். அது நல்லதா கெட்டதா என்று கம்ப்யூட்டர் கேட்காது.

ஹெட்போனை மாட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணை மூடி எண்ண ஆரம்பித்தாள். ஒன்று... இரண்டு... மூன்று...

எட்டில் மீன் வாடை நின்றது.

பத்தில் மென்தால் வாசனை வந்தது. குளிர்ச்சியாக, மூக்குக்கு மிகப் பக்கத்தில்.

பதினான்கில்... இடது காதில்... கடக்.

அவள் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை தெரியுமா? திரும்பினால் நாற்காலி கிறீச்சிடும், பதிவு கெட்டுப்போகும். பதினோரு வருஷப் பழக்கம் அவளை அப்படியே உட்கார வைத்தது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். முதுகில் வியர்வை இறங்குவது தெரிந்தது. இருபது... இருபத்தைந்து... பின்கழுத்தில் ஏதோ காற்று. உஸ்ஸ்ஸ்... முப்பது.

திரும்பினாள். யாரும் இல்லை. மீன் வாடை திரும்ப வந்திருந்தது.

நாமாக இருந்தால் செருப்பைக் கூட எடுக்காமல் ஓடியிருப்போம். இவளுக்கோ பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. "செத்தும் தொல்லையா? நான் பேசத்தான் போறேன். கேட்டுக்கிட்டு உக்காருங்க" என்று காலி அறையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால், எந்த வரி, எத்தனையாவது முயற்சி என்று தன் சொந்தக் குரலில் அடையாளம் சொல்வாள்: "வரி ஏழு, டேக் ரெண்டு." பிறகு நாத்தனார் குரலில் வரியைப் பேசுவாள்: "மூன்றாவது தளம். கதவு மூடுகிறது." நூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஐந்து மணிக்கு முடிந்தது. அவளுக்கே ஆச்சரியம், அந்த அம்மாளே வந்து பேசியிருந்தாலும் இப்படி அமைந்திருக்காது. ஆசையோடு எடிட்டர் நாற்காலிக்கு மாறினாள். அரை நிமிட அமைதியைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, 'துடை' என்று கொடுத்தாள். போட்டுக் கேட்டாள்.

பிசிறே இல்லை. பாத்திரம் கழுவி வைத்த மாதிரிச் சுத்தமான குரல். "மூன்றாவது தளம். கதவு மூடுகிறது." சிரித்துவிட்டாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. நாலாவது வரியில்தான் உறைத்தது... வரி நம்பர் எங்கே? டேக் நம்பர் எங்கே? நாத்தனார் குரலில் பேசியது எல்லாம் இருந்தது. தன் சொந்தக் குரலில் சொன்ன அடையாளங்கள் ஒன்றுகூட இல்லை. அவை இருந்த இடத்தில் திரையில் தட்டையாக ஒரு கோடு ஓடியது.

இரைச்சல் என்று நினைத்து அவள் குரலையே கம்ப்யூட்டர் துடைத்துவிட்டிருந்தது.

அப்படியானால் அந்த அரை நிமிடத்தில் அவள் குரல் இருந்திருக்க வேண்டும். அவள்தான் மூச்சுக்கூட விடவில்லையே! அந்த அமைதியை மட்டும் தனியாக எடுத்து, ஒலியளவைக் கூட்டினாள். ஒன்றும் இல்லை. இன்னும் கூட்டினாள். இரைச்சல் மழை மாதிரிக் கொட்டியது. முழுக்கத் திருப்பி, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மழைக்கு அடியில் யாரோ பேசினார்கள்.

அவளேதான்.

"என் குரல்... எடுத்துக்கோங்க... அண்ணி."

மறுபடி. "என் குரல்... எடுத்துக்கோங்க... அண்ணி." அரை நிமிடமும் அதேதான், திரும்பத் திரும்ப.

அவள் ஆயுளில் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எடிட்டரின் காது அல்லவா? ஒட்டிய இடம் அவளுக்குத் தெரியாமல் போகுமா? "என் குரல்" என்பதற்குப் பின்னால் ஏசி உறுமியது. மைக் சோதிக்கும்போது, 'என் குரல் கேக்குதா அண்ணி' என்று தினமும் கேட்பாளே, அதிலிருந்து வெட்டியது. "எடுத்துக்கோங்க" என்பதற்குப் பின்னால் ஒரு மழைநாள். 'தண்ணி எடுத்துக்கோங்க' என்று எப்போதோ சொன்னது. "அண்ணி"க்குப் பின்னால் வேறொரு வருஷம், வேறொரு மைக். மூன்று துண்டுகள். நறுக்காக வெட்டி, நடுவில் அமைதியை நிரப்பி ஒட்டியிருந்தது. அவள் எப்படிச் செய்வாளோ அச்சு அசல் அப்படியே.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். ஃபைலை அழித்தாள். "அய்யோ" என்று கத்தினாள்... கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பயத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துத் தெருவுக்கு ஓடிவந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஹலோ? ... ஹலோ? ... என்னடி, சத்தமே வரலை. ஹலோ?"

அடித்தொண்டையிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். அவன் போனை வைத்துவிட்டான்.

அன்று தொடங்கி அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. வாய் அசையும், மூச்சு வரும், சத்தம் வராது. போனில் பழைய வீடியோக்களைத் தேடினாள். குட்டியின் பிறந்தநாளில் இவள் சத்தமாகப் பாடியது... எல்லாரும் கை தட்டுகிறார்கள், இவள் வாயை வாயைத் திறக்கிறாள், அவ்வளவுதான். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "எல்லாம் ரொம்ப நல்லா இருக்கே. 'ஆ' சொல்லுங்கம்மா" என்றார். சொன்னாள். "சொல்லுங்கம்மா" என்று மறுபடியும் சொன்னார்.

புருஷன் பயந்துபோனான். அக்காவுக்குத் தொண்டை, இவளுக்கும் தொண்டை. அவனிடமாவது உண்மையை எழுதிக் காட்டியிருக்கலாம். பேனாவை எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள், வைத்தாள்.

ஒரே ஒரு வழி இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தும் இருந்தது. ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, மூக்கை அடைத்து, கடைசி எழுத்தை இழுத்து, "கதவு மூடுகிறது" என்றாள். நாலு சுவரிலும் பட்டுக் கணீரென்று எதிரொலித்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊமையாகவே செத்தாலும் சாவேன், அந்தக் குரலில் என் வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டேன்... இதைப் பதினொன்றாம் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் காகிதமும் பேனாவும்தான். புருஷன் படித்துக்கொண்டான். குட்டிக்குப் படிக்கத் தெரியாதே! "அம்மா ஏன் என்கூடப் பேச மாட்டேங்கறா? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று முதல் நாள் அழுதது. நாலாம் நாள், "அம்மாகூட டூ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா பக்கம் ஒட்டிப் படுத்துக்கொண்டது. பெற்றவளுக்கு அதைவிடக் கொடுமை வேறு வேண்டுமா? ராத்திரியெல்லாம் அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். சத்தமாக அழவும் அவளுக்கு வழியில்லை.

ஒன்பதாம் நாள். சாயங்காலம் நாலு மணி. அவர்கள் வீடு முதல் மாடியில். கீழே முற்றத்தில் தண்ணீர் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பீ... பீ... பீ... என்று அந்த எச்சரிக்கைச் சத்தம். துணி எடுக்கப் பால்கனிக்கு வந்தவள் எட்டிப் பார்த்தாள். லாரியின் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் குட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் சாக்கட்டியால் வீடு வரைந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து இவள் கண்ணைத் தப்பி எப்போது இறங்கியதோ.

கத்தினாள். ஒன்றும் வரவில்லை. கை தட்டினாள். பீ... பீ... பீ... கம்பியில் கரண்டியால் அடிக்கலாம் என்று தேடினாள், கரண்டி இல்லை. சக்கரத்துக்கும் குட்டிக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தது. ஒன்றரை முழம்...

மூக்கை அடைத்தாள்.

"குட்டி! எழுந்து ஓடு! ஓடு!"

மொத்தக் குடியிருப்புக்கும் கேட்டது. குட்டி துள்ளி எழுந்து சுவரோரம் ஓடியது. லாரிக்காரர் பிரேக்கைப் போட்டுவிட்டு, வெளிறிய முகத்தோடு மேலே பார்த்தார். சாக்கட்டி வீட்டின்மேல் சக்கரம் நின்றிருந்தது.

இவள் எப்படிப் படி இறங்கினாள் என்று இவளுக்கே தெரியாது. ஓடிப்போய்க் குட்டியை வாரி அணைத்து, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அந்த ஒரு நிமிடம் அவளுக்கு எந்தக் குரல் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது. குட்டி தன் பிஞ்சுக் கைகளால் அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்தது. முகத்துக்கு நேராகப் பார்த்தது. நல்ல வெளிச்சம். ஒரு முழ தூரம்கூட இல்லை. சிரித்தது.

"அத்தை! நீங்க எப்ப வந்தீங்க?"

இவள் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று. தன் குரலில், 'நான்தான்டா, அம்மா' என்றாள். குட்டி வெறும் உதட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. வேறு வழியில்லாமல் அந்தக் குரலிலேயே சொன்னாள்.

"நான்தான் உன் அம்மா."

"போங்க அத்தை, பொய்!" குட்டி பிடியிலிருந்து நழுவிப் படிக்கட்டுப் பக்கம் ஓடியது. கீழே நின்றுகொண்டே மேலே பார்த்துக் கூப்பிட்டது. "அம்மா! அத்தை வந்திருக்காங்க, பாரேன்!"

வீட்டில் யாரும் இல்லை. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுத்தான் இவள் ஓடிவந்திருந்தாள்.

மேலே, வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அன்பாக, அவசரமே இல்லாமல். அவளுடைய சொந்தக் குரல்.

"நீ மேல வாடா குட்டி. அம்மா இங்கேதானே இருக்கேன்."

"அம்மா பேசிட்டா!" என்று குட்டி இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறியது. இவள் பின்னாலேயே ஓடினாள். கடைசித் திருப்பத்தில் குட்டியின் பாவாடை நுனி கதவுக்குள் போவதைப் பார்த்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.